காலமான கணவருக்கு ஒரு திருத்தம்

என் கணவர் காலமான செய்தி எனக்கு அரசாங்க முத்திரையோடு வந்தது. குடியுரிமை வழங்கும் விழாவில் மேடையில் நின்ற ஒருவர் என் கையைக் குலுக்கி ஓர் உறையைக் கொடுத்தார். இருக்கைக்குத் திரும்பி வந்து பிரித்துப் பார்த்தேன். பெயர் சரி. பிறந்த தேதி சரி. புகைப்படத்தில் திருடி மாதிரி முழித்துக்கொண்டிருந்தேன், அதுவும் சரிதான். அதற்குக் கீழே, திருமண நிலை என்று இருந்த இடத்தில், ‘கணவர் காலமானவர்’ என்று அழகாக அச்சடித்திருந்தார்கள்.

ஆள் என்னவோ உயிரோடுதான் இருந்தார். எங்கே என்றுதான் எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். குடியுரிமைக்கான நேர்காணலை எடுத்த அம்மாள் நம் ஆள். வேற்று ஆளாக இருந்திருந்தால் இந்த வினையே வந்திருக்காது. ‘கணவர் எங்கே?’ என்று கேட்டு, நான் வாயைத் திறக்காவிட்டால் மறுபடி கேட்டு, அதற்கும் மசியாவிட்டால் மூன்றாம் தடவையும் கேட்டு, எப்படியாவது பதிலைப் பிடுங்கியிருப்பார். இந்த அம்மாள் ஒரே ஒரு தடவை கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். கண் கலங்கிவிட்டது. கட்டினவன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்பதை எங்களில் எந்தப் பெண்ணும் முன்பின் தெரியாதவர் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டாள். செத்துப்போனான் என்றால் சொல்லலாம், நாலு பேர் கூட உட்கார்ந்து அழ வருவார்கள். விட்டுவிட்டுப் போனான் என்றால் அதே நாலு பேர் காரணம் கேட்க வருவார்கள்.

இதெல்லாம் அந்த அம்மாளுக்கும் தெரியும். தெரிந்ததுதான் தப்பாகப் போயிற்று. குனிந்த தலையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“விடுங்கம்மா, சொல்ல வேணாம். எங்கம்மாவும் இப்படித்தான், அப்பா பேச்சு எடுத்தாலே அழுதுடுவாங்க. அடுத்த கேள்விக்குப் போயிடலாம்” என்றார்.

கணினியில் ஏதோ தட்டினார். எவ்வளவு நல்ல மனுஷி, மானத்தைக் காப்பாற்றிவிட்டாரே என்று மனதுக்குள் கும்பிட்டேன். காப்பாற்றின கையோடு என் வீட்டுக்காரரை அடக்கமும் செய்துவிட்டார் என்பது விழா அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் என்னை விட்டுப் போனதில் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. இருந்திருந்தால் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவாவது ஒரு கதை மிஞ்சியிருக்கும். சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வேறு ஊரில் நல்ல வேலை ஒன்று கிடைத்திருக்கிறது என்றார். ஒரு பையில் நாலு சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, “போய் இறங்கினதும் பேசறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். வருஷங்கள் ஓடிவிட்டன, மனிதர் இன்னும் இறங்கவில்லை. அங்கே இன்னொருத்தியோடு இருக்கிறார் என்று என் தம்பி மூலமாகக் காற்றுவாக்கில் ஒரு சேதி வந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அதனால் எனக்காகச் சண்டைக்குப் போகவும் ஆளில்லை. நான் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, தனி ஆளுக்குப் போதுமான ஓர் அறைக்கு மாறிக்கொண்டேன்.

சான்றிதழில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அந்த உறையிலேயே எழுதியிருந்தது. நானும் ஒழுங்காக மறுநாளே திருத்தப் பிரிவுக்குப் போய் வரிசையில் நின்றேன்.

“உங்க கணவர் உயிரோட இருக்காருங்கறதுக்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டார் சாளரத்தில் இருந்த பெண்.

“எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சா போதாதும்மா. அவரைக் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா அவர் கையெழுத்து போட்ட ஒரு காகிதம் கொண்டு வாங்க.”

ஆளைக் கூட்டிக்கொண்டு வர என்னால் முடிந்திருந்தால், அந்த அம்மாள் முன்னால் நான் ஏன் தலையைக் குனியப்போகிறேன்? இதை அந்தச் சாளரத்தில் சொல்ல முடியுமா? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சான்றிதழை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். காகிதத்தில் விதவை, கட்டினவன் எங்கோ சுகமாக இருக்கிறான், அறையில் நான் ஒண்டிக்கட்டை. மூன்றையும் ஒருத்தியே அனுபவிக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது போல.

நான் வேலை செய்வது ஒரு சலவைக்கூடத்தில். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம். தேய்க்கிற உருளையிலிருந்து விரிப்பு சுடச்சுட வெளியே வரும். ஒரு பக்கத்து முனைகளை நான் பிடிப்பேன், எதிர்ப்பக்கத்து முனைகளை என் ஜோடிக்காரி பிடிப்பாள். உதறிவிட்டு இருவரும் நடந்து வந்து நடுவில் முனைகளைச் சேர்க்க வேண்டும். பிறகு பின்னால் போய், மறுபடி நடந்து வந்து, மறுபடி சேர்க்க வேண்டும். என் ஜோடிக்காரிக்குக் கூடத்தில் ரேடியோ என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட வயதில் சின்னவள், வாயில் பெரியவள். ஒரு நாளில் நான் கிட்டத்தில் பார்க்கிற ஒரே மனித முகம் அவளுடையதுதான். வேலை முடிந்து படியேறி அறைக்குள் போனால், மறுநாள் காலை அவள் “வாங்கக்கா” என்று சொல்கிற வரைக்கும் என்னோடு பேச ஒரு ஜீவன் கிடையாது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் கடைக்குப் போய்த் தேவையில்லாமல் ஏதாவது விலை கேட்பேன், தொண்டை வேலை செய்கிறதா என்று பார்க்க.

ரேடியோவிடம் “வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கார்” என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யும் இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. குடியுரிமை அலுவலகத்திலிருந்து, ஒரே உறை, இரண்டு பெயர். என் பெயர், அதை ஒட்டி அவர் பெயர், அதற்குக் கீழே என் அறையின் முகவரி. உள்ளே இருந்தது அரசாங்க நடை, தலை எது வால் எது என்று புரியவில்லை. மறுநாள் அதை ரேடியோவிடம் கொடுத்தது என் புத்திகெட்டதனம்.

“அக்கா!” என்று கத்தினாள். “உங்க வீட்டுக்காரர் செத்துட்டாரா? வெளியூர்னு சொன்னீங்களே!”

கூடமே திரும்பிப் பார்த்தது.

“மெதுவா படிச்சுத் தொலைடி.”

அவள் தன்னால் முடிந்த அளவு மெதுவாகப் படித்துச் சொன்னாள். இன்னார் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். தன் மனைவி என்று உங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். இந்த முகவரியில் உங்களோடு வசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் சான்றிதழிலோ அவர் காலமாகிவிட்டார். ஆகவே இருவரும் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். தவறான தகவல் கொடுத்தது யார் என்று தெரிந்தால் அவருடைய குடியுரிமையோ விண்ணப்பமோ ரத்தாகும்.

உருளை போடுகிற சத்தத்தின் மறைவில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக ஒருத்தியிடம் சொல்கிறேன், அதுவும் ஊருக்கே ஒலிபரப்புகிறவளிடம். ஆச்சரியம், அவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நாலைந்து விரிப்புகள் மடித்த பிறகு, முனைகளைச் சேர்க்க என் அருகில் வந்தபோது மெல்லச் சொன்னாள்:

“அக்கா, மனுஷன் திரும்பி வரப்போறார். இல்லைன்னா உங்க விலாசத்த எதுக்குப் போடணும்?”

“போடி, வேலையைப் பாரு.”

“நான் சொல்றத சொல்லிட்டேன்.”

போடி என்று வாய் சொன்னதே தவிர, மனசு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அதுவும் என் கதவு எண்ணுக்கு மேலே. அவர் கையால் இந்த எண்ணை எழுதியிருக்கிறார். எழுதும்போது என்னை நினைக்காமலா எழுதியிருப்பார்? எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. வெட்கம்கெட்டவளே, கேட்காமல் கொள்ளாமல் போனவனுக்காகவா இப்படி உருகுகிறாய் என்று வாய்விட்டே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே எழுந்து போய்த் தரையைத் துடைத்தேன்.

அலுவலகம் குறித்த நாள் வரைக்கும் ஒவ்வொரு சாயங்காலமும் காத்திருந்தேன். இந்த முகவரியில் வசிப்பதாக எழுதினவர், நேர்காணலுக்கு முன்னால் ஒரு தடவையாவது வந்து பேசாமலா இருப்பார்? படியில் காலடிச் சத்தம் கேட்டால் கை வேலையை நிறுத்திவிட்டுக் கவனிப்பேன். சத்தம் என் தளத்தைத் தாண்டி மேலே போய்விடும். கூடுதலாக ஒரு பிடி அரிசி போட ஆரம்பித்தேன். மிஞ்சினதை மறுநாள் காலையில் நானே தின்றேன். பழைய சாமான் கடையில் ஒரு நாற்காலி வாங்கி, நாலு மாடி தூக்கிக்கொண்டு வந்தேன், ஏற்கெனவே ஒன்று இருந்தும். அவர் வர வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. காகிதம் ரத்தானால் ஆகட்டும், வருஷா வருஷம் வரிசையில் நின்று இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்கிறேன். அந்த முகவரியில் இரண்டு பேர் இருந்தால் போதும்.

அவர் வரவில்லை.

குறித்த நாளன்று அலுவலகத்தின் மூன்றாவது மாடி நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைமுடிக்குச் சாயம் அடித்திருந்தார், அடித்ததில் பாதி நெற்றியிலும் ஒட்டியிருந்தது. தோள் சரிந்து போயிருந்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“எப்படி இருக்க?” என்றார்.

“செத்துப்போனவர் கேக்கற கேள்வியா இது?”

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “அதான் கேக்கணும்னு இருந்தேன். என்னை எதுக்குக் கொன்னே?”

“நான் கொல்லல. உங்க வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டாங்க. நான் பேசாம இருந்தேன். அவங்களே காரியத்த முடிச்சுட்டாங்க.”

“எங்கயோ இருக்கார்னு சொல்லியிருக்கலாம்ல?”

“எங்கயோ எங்கன்னு கேட்டா?”

பெஞ்சில் உட்கார்ந்தோம். இருவருக்கும் நடுவில் அந்தக் கோப்பை வைத்தார். அவராகச் சொல்வார் என்று பார்த்தேன். கடைசியில் நானே கேட்டேன்.

“இப்போ எங்க இருக்கீங்க?”

“சரக்குக் கிடங்குல. பின்னாடி ஒரு தடுப்பு இருக்கு, அங்க படுத்துக்கறேன்.”

“தனியாவா?”

“தனியாத்தான். அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு.” முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கிடங்குக்கு வீட்டு முகவரி கிடையாது. காகிதத்துல முகவரிய காலியா விட்டா வாங்கவே மாட்டாங்களாம். அதான் மச்சான்கிட்ட கேட்டு உன்னோடத எழுதினேன்.”

என் தம்பி கொடுத்திருக்கிறான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, மகராசன்.

“அதுக்காகத்தானா?” என்றேன்.

“வேற எதுக்கு?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என் கேள்வி அவருக்குப் புரியவில்லை. எனக்கு அங்கேயே எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனால் கால் எழவில்லை. பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார் அல்லவா, அதனால்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு. தனித்தனியா உள்ள கூப்பிட்டு ஒரே கேள்வியக் கேப்பாங்களாம். ரெண்டு பேர் சொல்றதும் ஒத்துப்போச்சுன்னா, அலுவலகத்துத் தப்புன்னு எழுதி, உன் காகிதத்தத் திருத்திக் கொடுத்துடுவாங்க. என்னோடதும் தடையில்லாம போயிடும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. உன் வீடு எப்படி இருக்கும்னு சொல்லு. கதவு என்ன நிறம்?”

“பச்சை.”

“பச்சை” என்று முணுமுணுத்தார். “அப்புறம்?”

“கீழ்ப்பக்கம் ஊறி உப்பியிருக்கும். மழைக்காலத்துல தோளால இடிச்சாத்தான் திறக்கும்.”

“மழைக்காலத்துல இடிக்கணும். சன்னல்?”

“ஒண்ணு. திறந்தா எதிர்க் கட்டடத்துச் சுவர்தான் தெரியும். அந்தச் சுவத்துல ஒரு விரிசல் இருக்கு, மேலேர்ந்து கீழ வரைக்கும். சமையல் மேடைக் குழாய் ஒழுகும், துணி சுத்தி வெச்சிருக்கேன். பக்கத்து அறையில ஒரு பெரியவர், இருமிக்கிட்டே பாட்டு கேப்பார். பாட்டு நல்லா இருந்தா இருமல அடக்கிக்குவார்.”

சொல்லச் சொல்ல எனக்குப் பேச்சு வந்துகொண்டே இருந்தது. லீவு நாளில் மத்தியானம் எதிர்ச்சுவரில் பட்டு ஒரு துண்டு வெயில் என் அறைக்குள் வருவதைச் சொன்னேன். அது நகர நகர நானும் உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்வேன் என்று சொன்னேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு படி உடைந்திருப்பதையும், தெரியாதவர்கள் அதில் கட்டாயம் தடுக்குவார்கள் என்பதையும் சொன்னேன். அந்த அறைக்குக் குடிவந்த நாளிலிருந்து அது எப்படி இருக்கிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்தும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

“வெயிலெல்லாம் கேக்க மாட்டாங்க” என்றார் அவர். “கட்டில் எந்தப் பக்கம்? நாற்காலி எத்தனை?”

“கட்டில் இடது பக்கம். நாற்காலி ரெண்டு.”

“ஒத்த ஆளுக்கு எதுக்கு ரெண்டு?”

“சும்மா கெடச்சுது.”

பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்து எல்லாவற்றையும் ஒப்பித்துப் பார்த்தார். பச்சைக் கதவு, ஒரு சன்னல், இடது பக்கம் கட்டில். ஒரு தப்பும் இல்லை. பிறகு கண்ணைத் திறந்து, “காகிதம் வந்ததும் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பாக்கறேன்” என்றார். போய் இறங்கினதும் பேசறேன் என்று சொன்ன அதே குரல். எனக்கு அது தெரியாமல் இல்லை. இருந்தாலும் சரி என்று தலையாட்டினேன்.

முதலில் அவரை அழைத்தார்கள். வெகுநேரம் கழித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அடுத்து என்னை அழைத்தார்கள்.

உள்ளே இருந்த அதிகாரி ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் ஒரு பெருமூச்சு விட்டார். மேசை மேல் என் சான்றிதழின் நகல் கிடந்தது. ‘காலமானவர்’ என்ற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள்.

“உக்காருங்கம்மா. நேர்காணல் எடுத்தவங்க அவசரப்பட்டிருக்கலாம். நடக்கறதுதான். நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கீங்கன்னு உறுதியாச்சுன்னா, இத இன்னிக்கே திருத்திடலாம். ஆனா பொய் சொன்னா ரெண்டு பேர் காகிதமும் போயிடும். புரியுதா?”

“புரியுது சார்.”

கதவின் நிறம் கேட்டார். சொன்னேன். சன்னல் கேட்டார். குழாய் கேட்டார். பக்கத்து அறைக்காரர் யார் என்று கேட்டார். சொல்லச் சொல்லத் தன் தாளில் ‘சரி’ போட்டுக்கொண்டே வந்தார். பெருமூச்சுகளும் குறைந்துகொண்டே வந்தன.

“உங்க வீட்டுக்காரர் நல்லா கவனிக்கற மனுஷன்மா. மழைக்காலத்துல கதவை இடிக்கணும்கறது வரைக்கும் சொல்றார். என்னைக் கேட்டா என் வீட்டுக் கதவு நிறமே எனக்குத் தெரியாது.” தாளைத் திருப்பினார். “ராத்திரி படுக்கறப்ப விளக்கை அணைச்சுடுவீங்களா?”

“இல்ல சார், எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அணைச்சா எனக்குத் தூக்கம் வராது.”

யோசிக்கவே இல்லை. தாகமா என்று கேட்டால் ஆமாம் என்பது போல வந்துவிட்டது. அவருடைய பேனா நின்றது.

“அவர் வேற மாதிரி சொல்லியிருக்காரே” என்றார். தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் படித்தார். “‘என் மனைவிக்கு ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தாலும் தூக்கம் வராது. கதவிடுக்குல வர்ற வெளிச்சத்துக்குக்கூட துணி வெப்பா. நான் வேலை முடிச்சு நேரங்கழிச்சு வந்தா இருட்டுலயே தடவித் தடவித்தான் போய்ப் படுப்பேன்.’ இப்படிச் சொல்லியிருக்கார்.”

இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே மறந்துபோயிருந்தது. ஆமாம், நான் அப்படித்தான் தூங்குவேன். சின்ன வெளிச்சத்துக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு புரண்டு படுப்பேன். அவர் வண்டியை விட்டுவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி, இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொண்டு, ‘ஸ்’ என்று பல்லைக் கடித்து, என்னை எழுப்பாமல் ஓரமாகப் படுத்துக்கொள்வார். நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். அவருக்குத் தெரியாமல் சிரிப்பேன். இத்தனை வருஷமும் அவர் அதை எங்கேயோ வைத்திருந்திருக்கிறார்.

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா, அவசரமில்ல” என்றார் அதிகாரி. “சில பேருக்குக் கேள்வி சரியா காதுல விழறதில்ல.”

நல்ல மனிதர். எனக்கு வழி விட்டுக் கொடுத்தார். ‘ஆமா சார், அணைச்சுடுவேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் ஒத்துப்போய்விடும். என் வீட்டுக்காரருக்குக் காகிதம் வரும். எனக்குத் திருத்தம் வரும். நாங்கள் ஒரே வீட்டில் வசிப்பதாக அரசாங்கமே எழுதிக் கொடுக்கும். ஒருவேளை, ஒரு நாள், படியேறி வந்தாலும் வருவார். ஆனால் அப்படிச் சொன்னால், அந்த அறையில் விழித்துக்கொண்டு நான் கிடந்த இரவுகளெல்லாம் யாருடையவை? அவற்றை நான் ஒருத்திதான் பார்த்திருக்கிறேன். நானும் இல்லையென்று சொல்லிவிட்டால் அவை நடக்கவே இல்லை என்றாகிவிடும். என்னால் முடியவில்லை.

தலையைக் குனிந்தேன். குனிந்ததும் பயம் வந்தது, இவரும் எதையாவது புரிந்துகொண்டு எதையாவது தட்டிவிடப் போகிறாரே என்று. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அவர் சொன்னது பொய்யில்ல சார். அவர் கூட இருந்தப்ப அணைச்சுட்டுத்தான் தூங்குவேன். அவர் என்னை விட்டுட்டுப் போயிட்டார். இப்போ தனியா இருக்கேன். தனியா இருட்டுல படுக்க முடியல.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு வேறொரு தாளை எடுத்தார்.

“எப்பலேர்ந்து விளக்க எரிய விட்டுத் தூங்கறீங்க?”

“அவர் போன அன்னிலேர்ந்து.”

அது எந்த மாதம், எந்த வருஷம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். என் சான்றிதழில் ‘மணமானவர், தனித்து வசிப்பவர்’ என்று மாற்றித் தருவதாகச் சொன்னார். முதல் நேர்காணலில் நான் எதுவும் சொல்லாததால் பொய் சொன்னதாக ஆகாதாம், சான்றிதழ் ரத்தாகாது. என் வீட்டுக்காரருடைய விண்ணப்பம்தான் திரும்பிப் போகும். முகவரி தவறு என்ற குறிப்போடு அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். “வெளிய இருக்கார் இல்ல? நீங்களே சொல்லிடறீங்களா, நான் கூப்பிட்டுச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

“நானே சொல்றேன் சார்.”

வெளியே வந்தேன். அவர் கோப்பை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“எல்லாம் ஒத்துப்போச்சா?”

“ஒண்ணு மட்டும் ஒத்துப்போகல.”

“எது? குழாயா? நான் துணி சுத்தியிருக்குன்னு சொன்னேனே.”

“விளக்கு.”

“விளக்கா?” அவர் முகம் மலர்ந்தது. அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து நின்று சிரித்தார். “அட, அது நீ சொல்லிக் கொடுக்காமலே நானா சொன்னதாச்சே! உனக்கு வெளிச்சம் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? மத்ததெல்லாம் தப்பாப் போனாலும் அது தப்பாப் போகுமா?”

“இல்ல. நீங்க சரியாத்தான் சொன்னீங்க” என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. நடைபாதையில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்க, அழுதேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் தோள் பக்கம் கையைக் கொண்டுவந்தார், தொடவில்லை.

“அப்புறம் நீ என்ன சொன்னே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.